ரப்பர் மரமும் ஒரு முடிவுரையும்



யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதற்காகப் பழக்கிய மனப்பாட முடிவுரைகளோ இன்னும் நீங்கவில்லை. 'ரப்பர் மரத்தின் தன்கதை' எழுதப் பணித்தால், மரங்களை நேசிப்போமாக என்றே மாணவர்கள் முடிக்கின்றனர். (நாம் கற்றுக்கொடுத்ததுதானே!)

பேராக்கின் வரலாறு அவ்வாறு முடியவில்லை. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளிகளுக்கு வழிவகுத்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள், அத்தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும், காலப்போக்கில் ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றைச் செம்பனை பிடித்துக்கொண்டது.

ஆகவே, என் மாணவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டேன். முன்னுரையில் மரம் தன்னைச் சீவியவரைப் பற்றிக் கூறியதே, அவர் இப்போது எங்கே?

பாட்டியிடம் கேட்டு வந்த மாணவி ஒருத்தி, தன்னைச் சீவிய கைகள் ஈப்போ அடுக்குமாடி வீட்டில் ஓய்ந்திருப்பதாகவும், தன் பக்கத்தில் செம்பனை நிற்பதாகவும் மரம் கூறுவதுபோல் முடித்திருந்தாள். அடுத்த வரியில் வழக்கமான அறிவுரையைத் தொடங்கி, அவளே அதை அடித்துவிட்டிருந்தாள்.