இந்தியப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் ஆராய்ச்சிக்கான அரசு நிதி

பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் மேற்கொள்ளும் அறிவியல் ஆய்வுகளுக்கு ஒன்றிய, மாநில அரசுகள் வழங்கும் பணம் இரு வகைப்படும். ஆசிரியர் ஊதியம், கட்டடம், நூலகம், மின்சாரம் போன்ற நிலையான செலவுகளுக்கு ஆண்டுதோறும் தரப்படுவது தொகுப்பு மானியம். குறிப்பிட்டதோர் ஆய்வுக் கேள்வியை முன்வைத்து, பிற விண்ணப்பங்களோடு போட்டியிட்டு, வரையறுத்த காலத்துக்குப் பெறுவது திட்ட நல்கை. மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை முதல் வகை பெரும்பாலும் மாநில அரசிடமிருந்தும், இரண்டாம் வகை பெரும்பாலும் ஒன்றிய அரசிடமிருந்தும் வருகின்றன. ஆராய்ச்சிக்கென அரசு செலவிடும் தொகையில் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களைச் சேராமல், அரசுத் துறைகள் தாமே நடத்தும் ஆய்வகங்களுக்குச் செல்வது இந்திய முறையின் முதன்மையான இயல்பாகும்; இதன் வேர் 1940களில் எடுக்கப்பட்ட முடிவுகளில் உள்ளது.

தொடக்க காலம்

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே நெடுங்காலம் இயங்கின. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் இடமளித்தபோதிலும், அதற்கான பணம் அரசிடமிருந்து போதிய அளவில் வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் கொடையாளர்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி, தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகிய வழக்கறிஞர்களின் நன்கொடையால் உருவானது, 1917இல் சி. வி. ராமன் ஏற்ற பேராசிரியர் பதவி பாலித் அளித்த அறக்கட்டளையைச் சார்ந்தது. 1909இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கழகத்துக்கு ஜம்ஷெட்ஜி டாட்டாவின் கொடை அடிப்படையாக இருந்தது. அரசு முன்வந்து பணம் கொடுத்த துறைகள் மருத்துவமும் வேளாண்மையும் ஆகும்: 1911இல் அமைந்த இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம், பிற்கால இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முன்னோடி; 1929இல் உருவான இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி மன்றம், இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முன்னோடி.

போர்க்கால மாற்றம்

இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்டு, இரசாயனப் பொருள்களையும் கருவிகளையும் உள்நாட்டிலேயே ஆக்க வேண்டிய நெருக்கடி எழுந்ததால், 1940இல் அறிவியல், தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைக்கப்பட்டது. இதற்கு முன்னின்று உழைத்தவர், அப்போது வைசிராய் நிர்வாக சபையில் வணிகத் துறையைக் கவனித்த ஆற்காடு ராமசாமி முதலியார். வாரியத்தின் அறிவியல் பொறுப்பு, லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1942 செப்டம்பரில் இவ்வமைப்பு, சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமாக உருப்பெற்றது. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குச் சிறு ஆய்வு நல்கைகளைத் தொடக்கம் முதலே அது வழங்கினாலும், விடுதலைக்குப் பின் அதன் பணத்திலும் கவனத்திலும் பெரும்பங்கைத் தேசிய ஆய்வகங்களே பெற்றன. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகமும் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டன. அணுசக்தியில் ஹோமி பாபாவின் தலைமையில் இதே போக்கு நிலவியது. அவர் 1945இல் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், 1954இல் பிரதமரின் நேரடிப் பொறுப்பில் அமைந்த அணுசக்தித் துறையும் பல்கலைக்கழக அமைப்புக்கு வெளியே வளர்ந்தன.

ஆய்வகமா, பல்கலைக்கழகமா

இந்தப் பிரிவினை எதிர்ப்பின்றி நிகழ்ந்துவிடவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரும் 1952 முதல் மக்களவை உறுப்பினருமான மேகநாத் சாகா, அணு ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருக்க வேண்டும் என்றும், இளைஞர்களைப் பயிற்றும் இடமும் புதியன காணும் இடமும் பிரியக் கூடாது என்றும் வாதிட்டார். விரைவாகத் தொழில் வளர்ச்சி காண விரும்பிய நேரு அரசுக்கு, தேர்வுகளிலும் பாடத்திட்டங்களிலும் மூழ்கியிருந்த பல்கலைக்கழகங்களைவிட, இலக்கு வைத்து இயங்கக்கூடிய ஆய்வகங்கள் ஏற்றவையாகத் தோன்றின. சாகாவின் கவலையில் உண்மை இருந்ததைப் பின்னர் எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டது. 1966 ஜனவரியில், தாம் இறப்பதற்குச் சில நாள்கள் முன்பு பம்பாயில் ஆற்றிய உரையில், தேசிய ஆய்வகங்கள் பல்கலைக்கழகங்களின் நல்ல ஆசிரியர்களை ஈர்த்து அவற்றை வலுவிழக்கச் செய்துவிட்டன என்று பாபா குறிப்பிட்டார். பட்நாகரே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் என்பதை எண்ணினால், இந்த இழப்பு முதல் நியமனத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவும் சென்னையும்

1948–49ஆம் ஆண்டுகளில் இயங்கிய ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, யு.ஜி.சி. என்று சுருக்கமாக வழங்கும் பல்கலைக்கழக மானியக் குழு 1953இல் தொடங்கப்பட்டு, 1956இல் சட்ட வடிவம் பெற்றது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் முழுச் செலவையும் ஏற்ற இக்குழு, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஐந்தாண்டுத் திட்ட காலத்துக்கான வளர்ச்சி மானியத்தை மட்டுமே வழங்கியது; அம்மானியத்தில் உருவாகும் பதவிகளின் ஊதியத்தைத் திட்ட காலம் முடிந்ததும் மாநில அரசு ஏற்க வேண்டும் என்பது விதி. மாநில நிதிநிலை இடம் கொடுக்காதபோது அப்பதவிகள் தொடர்வது கடினமாயிற்று.

சி.எஸ்.ஐ.ஆர். உருவான அதே 1942இல், ராமசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரரான ஆ. லட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி, 27 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அரசு ஆய்வகங்களின் கட்டமைப்புக்கு ஒருவர் அடித்தளமிட, பல்கலைக்கழக ஆராய்ச்சியை மற்றவர் பேணினார். லட்சுமணசாமியின் அழைப்பை ஏற்று 1952இல் சென்னைக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரன் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையைக் கட்டியெழுப்பினார். அருகிலேயே அமைந்திருந்த சி.எஸ்.ஐ.ஆரின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கொலாஜன் மாதிரிகளைப் பெற்று, எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையோடு அப்புரதத்தின் முப்புரி அமைப்பை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்வைத்தனர். ஆய்வகமும் பல்கலைக்கழகமும் அடுத்தடுத்து இருந்ததால் விளைந்த பயன் இது. டி. எஸ். கோத்தாரி யு.ஜி.சி.யின் தலைவராயிருந்த 1960களில், ஏற்கெனவே சிறந்து விளங்கிய துறைகளைத் தேர்ந்து கூடுதல் பணம் கொடுக்கும் உயர்நிலை ஆய்வு மையத் திட்டம் தொடங்கப்பட்டபோது, சென்னையின் இயற்பியல், தாவரவியல் துறைகள் அதில் இடம்பெற்றன.

திட்ட நல்கையின் எழுச்சி

1971இல் அமைந்த அறிவியல் தொழில்நுட்பத் துறை, 1974இல் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சிக் குழுவை ஏற்படுத்தியது. நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதற்குப் பதிலாக, தனி ஆய்வாளரின் முன்மொழிவை அத்துறை அறிஞர்களைக் கொண்டு மதிப்பிட்டுப் பணம் வழங்கும் முறை இதன் வழியே பரவியது. 1986இல் உருவான உயிரித்தொழில்நுட்பத் துறையும், அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்புத் துறைகளும் தத்தம் தேவைக்கேற்பப் பல்கலைக்கழகங்களுக்கு நல்கைகளை வழங்கலாயின. ஒரு பல்கலைக்கழகத்தால் தனியாக வாங்க இயலாத கருவிகளுக்காகப் பல்கலைக்கழக இடை மையங்கள் தோன்றின: டெல்லியில் 1984இல் அணுக்கரு அறிவியல் மையமும், புனேயில் 1988இல் வானியல், வானியற்பியல் மையமும் அமைந்தன. டெல்லி மையத்திலுள்ள துகள் முடுக்கியை எந்தப் பல்கலைக்கழக ஆய்வாளரும், தம் சோதனைத் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்று, ஒதுக்கப்பட்ட நாள்களில் பயன்படுத்தலாம். 2000இல் வந்த ஃபிஸ்ட் திட்டம், துறைகளும் கல்லூரிகளும் கருவிகள் வாங்க உதவுவதற்காக வகுக்கப்பட்டது. திட்ட நல்கைகளை வழங்கும் பணிக்கெனத் தனிச் சட்டத்தின்கீழ் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் அமைய 2008இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.

நடைமுறை

நல்கை தேடும் ஆசிரியர் முதன்மை ஆய்வாளர் எனப்படுவார். அவர் ஆய்வின் நோக்கம், முறை, காலம், செலவு ஆகியவற்றை விவரிக்கும் முன்மொழிவை, தம் நிறுவனத் தலைவரின் ஒப்புதலோடு இணையவழியாக அளிக்கிறார். அதை அத்துறையைச் சேர்ந்த வெளி வல்லுநர்கள் படித்துக் கருத்துரைக்க, வல்லுநர் குழு கூடிப் பரிந்துரைக்கிறது; நிதிப் பிரிவின் இசைவுக்குப் பின் ஒப்பளிப்பு ஆணை வெளியாகிறது. பெரும்பாலும் மூன்றாண்டுகளுக்கு அமையும் நல்கையில், கருவி வாங்குவது தொடராச் செலவு. ஆராய்ச்சி உதவியாளர் உதவித்தொகை, இரசாயனப் பொருள்கள், பயணம் ஆகியவை தொடர் செலவு. ஆய்வுக்கு இடமும் மின்சாரமும் அலுவலகப் பணியும் தரும் நிறுவனத்துக்கு ஈடாக ஒரு பங்கு மேற்செலவாகச் சேர்க்கப்படும்.

பணம் ஆண்டுத் தவணைகளில் வருவதால், முந்தைய தவணை எவ்வாறு செலவானது என்பதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழையும் செலவு அறிக்கையையும் அனுப்பிய பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படும். இதனிடையே ஒப்பந்தப்புள்ளி, கொள்முதல் குழு, அரசு மின்சந்தை எனக் கொள்முதல் விதிகளைக் கடந்தே கருவி ஆய்வகத்தை அடைகிறது. மார்ச் 31க்குள் செலவிடப்படாத தொகை கைவிட்டுப் போகும் நிலையும் ஏற்படுகிறது. சான்றிதழ் தாமதமாகித் தவணை நின்றால் முதலில் பாதிக்கப்படுபவர் ஆராய்ச்சி மாணவர். 2023 ஜனவரி முதல் மாதந்தோறும் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையே அவருக்கு ஊதியமாகவும் வாழ்வாதாரமாகவும் இருப்பதால், சில மாதத் தாமதமும் ஆய்வை நிறுத்திவிடக்கூடும். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளை 2025இல் நிதி அமைச்சகம் ஓரளவு தளர்த்தியது.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை

2020–21இல் இந்தியாவின் மொத்த ஆராய்ச்சிச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, அதில் உயர்கல்வித் துறையின் பங்கு சுமார் 9 விழுக்காடு. மாணவரில் மிகப் பெரும்பான்மையோர் பயிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தச் சிறு பங்கிலும் சிறு பகுதியே கிடைக்கிறது. போட்டி நல்கை முறையில் நல்ல கருவிகளும் முன்னனுபவமும் உள்ள ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் முந்திக்கொள்வது இயல்பே. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதையும் நோக்கமாகக் கொண்டு, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைக்கப்பட்டு, அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் அதில் இணைக்கப்பட்டது. பிரதமரைத் தலைவராகக் கொண்ட இவ்வமைப்புக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டத் திட்டமிடப்பட்டது; அதில் சுமார் 36,000 கோடி தொழில்துறை, கொடையாளர் உள்ளிட்ட அரசு சாராத வழிகளிலிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. முன்னணி நிறுவனம் ஒன்றை மையமாகவும், வளரும் பல்கலைக்கழகங்களைக் கிளைகளாகவும் இணைத்துக் கூட்டாக நல்கை வழங்கும் ‘பேர்’ (PAIR) திட்டம் இதன் முதல் முயற்சிகளுள் ஒன்று.

இத்தகைய திட்டங்களின் பயன் ஒன்றிய நிதியை மட்டும் பொறுத்ததன்று. திட்ட நல்கை கருவி வாங்கித் தரும், ஆராய்ச்சி மாணவருக்குச் சில ஆண்டுகள் உதவித்தொகை தரும். ஆனால் நிரந்தரப் பேராசிரியரை நியமிக்காது. பேராசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ள துறையில் முன்மொழிவு எழுதவே ஆள் இருப்பதில்லை என்பதால், மாநில அரசின் தொகுப்பு மானியம் தளர்ந்த இடத்தில் ஒன்றிய அரசின் போட்டி நல்கை அதற்கு ஈடாக முடிவதில்லை. ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களுக்கு மீட்கும் முயற்சி, இவ்விரு பண வழிகளும் ஒன்றுக்கொன்று துணையாக அமைவதையே சார்ந்திருக்கிறது.