அத்தர் ரோஜா: ஒரு செடியின் முப்பது ஆண்டுக் கணக்கு

ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3,000 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும் என்பது நறுமணப் பொருட்களைப் பற்றி வாசித்தவர்கள் அறிந்த தகவல். ஒரு பூவின் எடை மூன்று கிராமுக்கும் குறைவு. ஆகவே பத்து இலட்சத்துக்கும் அதிகமான பூக்களை ஒவ்வொன்றாகக் கையால் பறித்தால்தான் அந்த ஒரு கிலோ கிடைக்கும். இந்த எண்ணைக் கேட்டு வாங்குபவர் வியக்கலாம். பயிரிடுபவருக்கு முக்கியமான கேள்வி வேறு: இன்று நடும் செடி எத்தனை ஆண்டுகள் இலாபமாகப் பூக்கும்? ரோஜா வகைகளைப் பற்றி எழுதுபவர்கள் இதை அதிகம் தொடுவதில்லை என்பதால், இங்கே அதையே விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

இதற்குப் பொருத்தமான இடம் பல்கேரியாவின் கசன்லக் பள்ளத்தாக்கு. வடக்கே ஸ்தாரா பிளானினா, தெற்கே ஸ்ரெட்னா கோரா என்ற இரு மலைத்தொடர்களுக்கு நடுவே கிடக்கும் இந்த நிலத்தில் பல நூற்றாண்டுகளாக எண்ணெய் ரோஜா வளர்கிறது. 1907 இல் அங்கே தொடங்கிய ரோஜாப் பரிசோதனைத் தோட்டம் இன்று ஓர் ஆய்வு நிறுவனம். பயிர் செய்யப்படுவது பெரும்பாலும் டமாஸ்க் ரோஜா, அதாவது ரோசா டமாஸ்சீனா. ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். மே மாதத்தில் தொடங்கி ஜூன் நடுப்பகுதிக்குள், ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். பறிப்பு விடியற்காலையில் நடக்கும். வெயில் ஏற ஏறப் பூவிலுள்ள எண்ணெய் ஆவியாகிக் குறைவதால், காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பறித்த பூவுக்கு மதிப்பு குறைவு.

நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் வருமானம் என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. மூன்றாம் ஆண்டில் பறிக்கத்தக்க அளவு பூ வரும். நான்கு, ஐந்தாம் ஆண்டுகளில் தோட்டம் முழு வலுவுக்கு வரும். நன்கு பராமரித்த தோட்டத்தில் ஹெக்டேயருக்கு 3 முதல் 5 தொன் வரை பூ கிடைக்கும்; எண்ணெயாகப் பார்த்தால் ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின். பத்து ஆண்டுகள் நெருங்கும்போது கிளைகள் முற்றிக் கட்டையாகின்றன, பூ சிறுக்கிறது, தண்டில் பூச்சியும் நோயும் ஏறுகின்றன. அப்போது செடிகளை நிலமட்டத்தோடு வெட்டிவிடுகிறார்கள்.

மலையகத் தேயிலைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இது கவ்வாத்துதான். எனினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கவ்வாத்து வெட்டிய தேயிலை சில மாதங்களில் மீண்டும் கொழுந்து தரும். டமாஸ்க் ரோஜா முந்திய ஆண்டுகளில் வளர்ந்த தண்டிலிருந்து கிளைத்துப் பூப்பது. அடியோடு வெட்டினால் அடுத்த வசந்தத்தில் பூ இல்லை. ஓர் ஆண்டு வருமானம் முழுவதும் போகும். அதன் பின்னரே புதிய தண்டுகள் பூக்கத் தொடங்கித் தோட்டம் பழைய நிலைக்குத் திரும்பும். இப்படி இளமை திருப்பிக்கொண்டே போனால் ஒரு தோட்டம் 25 முதல் 30 ஆண்டுகள் வரை நிற்கும். வெட்டுவதற்கு மனம் வராமல் தள்ளிப்போடுபவர் ஓர் ஆண்டு வருமானத்தைக் காப்பாற்றி, அடுத்த பல ஆண்டுகளின் வருமானத்தைச் சிறுகச் சிறுக இழக்கிறார்.

இனி வகைகளுக்கு வருவோம். கசன்லக் ரோஜா, துருக்கியின் இஸ்பார்த்தா ரோஜா என்று சந்தையில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆனால் 2000 ஆம் ஆண்டுக்குப் பின் நடந்த மரபணு ஆய்வுகள், இரு நாடுகளிலும் எண்ணெய்க்காக வளர்ப்பது ஒரே மரபுவகை என்று காட்டின. இது வரலாற்றோடும் பொருந்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கசன்லக் பகுதியிலிருந்து கொண்டுபோன செடிகளிலிருந்தே இஸ்பார்த்தாவின் தோட்டங்கள் பெருகின. விதையிலிருந்து முளைத்தால் தாயைப் போல் வராது என்பதால், தலைமுறை தலைமுறையாகத் தண்டையும் வேர்க்கன்றையும் வெட்டி நட்டே இதைப் பரப்பினார்கள். உண்மையில் ஒரே செடியின் துண்டுகள்தான் இரு நாடுகளிலும் பூத்துக்கொண்டிருக்கின்றன.

இதன் விளைவு இருவகை. ஓர் ஆண்டின் எண்ணெயும் மறு ஆண்டின் எண்ணெயும் ஏறத்தாழ ஒரே மணம் தருவதால் வாசனைத்திரவியத் தொழிலுக்கு நிம்மதி. தோட்டக்காரருக்கோ ஆபத்து. ஒரு செடியைத் தாக்கும் துருநோய் எல்லாச் செடிகளையும் அதே அளவில் தாக்கும். மொட்டுக் காலத்தில் பனியுறைவு வந்தால் தப்பிப் பிழைக்கும் செடி என்று ஒன்று இராது. ஈரானில் பல்வேறு மரபுவகைகள் வளர்கின்றன. எதிர்கால இனப்பெருக்கத்துக்கான மூலப்பொருள் அங்கேதான் அதிகம் என்பது என் எண்ணம்.

டமாஸ்க் ரோஜாவுக்குப் போட்டியாகக் கசன்லக்கிலேயே வளர்வது வெள்ளை ரோஜா, ரோசா ஆல்பா. உயரமானது, குளிரையும் நோயையும் நன்கு தாங்குவது. முன்பு தோட்ட ஓரங்களில் வேலிபோல் நட்டார்கள். நீடித்து நிற்பது மட்டுமே அளவுகோல் என்றால் இதுதான் வெல்லும். ஆனால் பூவில் எண்ணெய் மிகக் குறைவு. ஹெக்டேயருக்கு 4 தொன் டமாஸ்க் பூவிலிருந்து, கிலோவுக்கு 3,500 கிலோ பூ என்ற கணக்கில், 1.1 கிலோவுக்குச் சற்று மேல் எண்ணெய் வரும். ஆல்பாவுக்கு 6,000 கிலோ பூ வேண்டும் என்று வைத்தால், அதே 4 தொன்னிலிருந்து 0.7 கிலோவைக்கூட எட்டாது. செலவில் பெரும்பங்கு பறிகூலி. எண்ணெய் குறைந்த பூவைப் பறிக்கவும் அதே கூலிதான். செடி எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் இந்த இடைவெளியை அது ஈடுசெய்யாது.

பிரான்சின் கிராஸ் நகரில் வளரும் சென்டிஃபோலியா ரோஜாவை இந்தக் கணக்கில் சேர்ப்பது முறையல்ல. அங்கே பூவை நீராவியில் வடிப்பதில்லை. கரைப்பான் கொண்டு சாறெடுக்கிறார்கள். அது வேறு பொருள், வேறு விலை.

இந்தியாவின் அனுபவம் எமக்குக் கூடுதலாகப் பயன்படும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து, நறுமணத் தாவர நிறுவனம் நூர்ஜஹான், ரானிசாஹிபா ஆகிய வகைகளையும், பாலம்பூரிலுள்ள இமாலய உயிர்வளத் தொழினுட்ப நிறுவனம் ஜ்வாலா, ஹிம்ரோஸ் ஆகியவற்றையும் வெளியிட்டன. அங்குள்ள பூர்போனியானா ரோஜா ஆண்டில் பல முறை பூக்கும், எண்ணெயோ சொற்பம். அதன் பூக்கும் இயல்பையும் டமாஸ்க்கின் எண்ணெயையும் ஒரே செடியில் சேர்க்கும் முயற்சி அங்கே நடந்துவருகிறது.

புதிய வகைகளைப் பற்றிய அறிவிப்புகளை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் சிறு கண்ணாடிக் கருவியில் வடித்த எண்ணெய் வீதத்தையும் ஆலையில் பெரிய செப்புக் கலத்தில் கிடைக்கும் வீதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. ரோஜா எண்ணெயின் பெரும்பகுதி முதல் வடிப்பில் நீரோடு கலந்து வருகிறது. அந்த நீரை மறுபடி வடித்துத்தான் அதை மீட்கிறார்கள். பறித்த நேரம், பூ காத்திருந்த நேரம், அந்த ஆண்டின் மழை ஆகிய எல்லாமே வீதத்தை மாற்றும். மூன்று ஆண்டுப் பரிசோதனையை வைத்து ஒரு வகையைச் சிறந்தது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. குறைந்தது ஒரு முறையாவது அடியோடு வெட்டி, அது எவ்வளவு விரைவாக மீள்கிறது என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

செடி முப்பது ஆண்டு வாழ்ந்தாலும் அதைச் சுற்றியுள்ள ஏற்பாடு அவ்வளவு காலம் நிற்பதில்லை. 1989 இன் பின் பல்கேரியாவில் கூட்டுப்பண்ணைகள் கலைந்து, நிலம் பழைய உரிமையாளர்களிடம் திரும்பியபோது, பல தோட்டங்கள் பராமரிப்பின்றிக் காடேறின. பின்னர் விலை ஏறியதும் புதிதாக நட்டார்கள். அந்தச் செடிகள் முழு வலுவுக்கு வந்த காலத்தில் பூவின் விலை சரிய, பயிரிடுவோர் தெருவில் இறங்கினார்கள். சிலர் செடிகளைப் பிடுங்கினார்கள். எண்ணெய் ரோஜாவுக்கென்றே தனிச் சட்டம் 2020 இல் நடைமுறைக்கு வந்தது. விடியற்காலையில் பறிக்க ஆள் கிடைப்பதும் ஆண்டுக்காண்டு கடினமாகிறது.

நுவரெலியாவில் இதைப் பயிரிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டமாஸ்க் ரோஜா நன்கு பூக்க உண்மையான குளிர்காலம் வேண்டும். பூக்கும் வாரங்களில் கனமழை ஆகாது. எமது மலைகளில் பனி விழும் இரவுகள் சில உண்டு, ஆனால் மாதக்கணக்கில் நீளும் கடுங்குளிர் இல்லை. மே இறுதியிலோ தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். தென்னிலங்கையில் புல்லிலிருந்து வடிக்கும் சிட்ரொனெல்லா எண்ணெயில் ஜெரானியோல் உண்டு. ரோஜா எண்ணெயின் முக்கிய மணக்கூறுகளில் ஒன்றும் அதே ஜெரானியோல்தான். அதனால்தான் ஜெரானியோல் நிறைந்த இந்தியப் பாமரோசாப் புல்லின் எண்ணெயை ஒரு காலத்தில் பம்பாயிலிருந்து கொன்ஸ்தாந்திநோபிளுக்கு ஏற்றி, பல்கேரிய அத்தரில் கலப்படம் செய்தார்கள். அந்தப் புல்லைக் கொடுவாளால் அறுத்தால் போதும், வெட்ட வெட்டத் தழைக்கும்.