திருவுருவ வழிபாடும் நாவலர் பெருமானும்

வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசராகிய பரங்கியர் தங்கியமையால் வந்த பெயர் இது. அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இத்துறையில் வாணிகம் நடத்தினர். இத்தகைய துறைகள் வழியாகத் தமிழகத்திலும் ஈழத்திலும் பண்டங்களோடு வேற்றுச் சமயங்களும் வந்திறங்கின. 19ஆம் நூற்றாண்டிலே புரொட்டஸ்டண்டுப் பாதிரிமார், சைவர் கல்லையும் செம்பையும் கடவுளென்று வணங்குகின்றனர் எனப் பழித்துத் துண்டுப் பிரசுரங்கள் பல பரப்பினர். கற்றோரும் அதற்கு விடை கூற இயலாது திகைத்த காலம் அது.

அப்பழிக்கு விடையிறுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822ஆம் ஆண்டு தோன்றிய ஆறுமுக நாவலர். அவர் இளமையிலேயே பீட்டர் பெர்சிவல் பாதிரியார்க்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவர். ஆதலின் அந்நூல் அவர்க்கு நன்கு பழகியிருந்தது. 1854ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ வெறும் சினத்தால் எழுந்த நூலன்று. பழித்தவர் போற்றும் மறைநூலையே அவர் சான்றாக எடுத்துக் காட்டினார். யூதரின் ஆலயத்தில் விளக்கு ஏற்றப்பட்டது, தூபம் இடப்பட்டது, அப்பம் படைக்கப்பட்டது, உடன்படிக்கைப் பெட்டி பெருமதிப்போடு காக்கப்பட்டது. இவை அவர்க்கு ஆகுமாயின் சைவர்க்கு மட்டும் ஆகாமை எங்ஙனம்? அப்பெட்டியின் மீது பொன்னாலாகிய சிறகுடைய இரண்டு உருவங்கள் அமைக்கப்பட்டமையும் அம்மறைநூலிலேயே காணப்படுவது.

இவ்வழக்குக் கிறித்தவர்க்குள்ளேயே ஆயிரம் ஆண்டுகட்கு முன் எழுந்ததென்பதை அன்பர் பலர் அறியார். கான்ஸ்டாண்டிநோப்பிள் நகரின் தலைமை ஆயராக 715ஆம் ஆண்டில் அமர்ந்தவர் ஜெர்மானுஸ் என்பார். மூன்றாம் லியோ என்னும் பேரரசன் திருவுருவப் படங்களை விலக்க முற்பட்டபோது, அம்முதியவர் இசைந்திலர். மரத்தையும் வண்ணத்தையும் தாம் வழிபடவில்லை என்றும், உருவிற்குச் செய்யும் சிறப்பு அவ்வுருவிற்கு உரியாரையே சேரும் என்றும் ஆயர் சிலர்க்குக் கடிதம் எழுதினார். திருச்சபையின் பொதுப்பேரவை கூடாமல் சமயக் கொள்கையை மாற்றுதல் கூடாதென அரசனிடத்தும் உறுதியாக நின்றார். 730இல் பதவி நீங்கினார். 754இல் உருவ வழிபாட்டை மறுத்தோர் கூடிய பேரவை, இறந்துபோன அவர்க்குச் சாபமும் இட்டது! ஆயினும் 787இல் நிசேயாவிற் கூடிய பேரவை அவர் கொள்கையையே நிலைநாட்டியது. நாவலர் காலத்துப் பாதிரிமார் சைவர் மீது எறிந்த கல், அவர்தம் முன்னோருள் ஒருவர் மீது முன்னரே விழுந்த கல்லேயாம்.

ஜெர்மானுஸின் விடையில் உருவம் இறைவனை நினைப்பிக்கும் அடையாளமாய் நிற்கும். சைவாகமம் அதற்கும் ஒருபடி மேற்செல்லும். எங்கும் நிறைந்த இறைவன் ஏனையிடங்களிற் பாலில் நெய்போல மறைந்தும், திருவுருவில் தயிரில் நெய்போல விளங்கியும் நிற்பான் என்பது ஆசிரியர் கூறும் உவமை. திருக்கோயிலைச் சிவனெனவே கண்டு தொழுக என்பது சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரத்தின் கருத்து. கும்பாபிடேகத்தின் உட்பொருளும் இதுவே. கலாகர்ஷணத்தால் மூர்த்தியினின்றும் கும்பத்தில் எழுந்தருளிய இறைவன், யாகசாலையிற் பூசை ஏற்று, நாடிசந்தானம் முடிந்தபின் கும்பநீர் வழியே மீண்டும் மூர்த்தியில் நிலைபெறுகின்றான். கல் கடவுளாயிற்றென்பது இதன் கருத்தன்று. அடியார் பொருட்டுக் கடவுள் அங்கு எளிவந்தான் என்பதே கருத்து.

நாவலர் 1864ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டைக்கு அணித்தாகிய சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிறர் பழித்தற்கு இடங்கொடுப்பது சைவரின் கல்லாமையே என்பது அவர் துணிபு. ஆதலால் பிறரை மறுத்த அளவோடு அவர் அமைந்திலர், தம்மவரையும் விட்டிலர். 1872இல் எழுதிய ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ கோயில் நடத்துவோர்க்கு இனிக்கும் நூலன்று. ஆகமம் கல்லாது பூசைக்குப் புகுவாரையும், கோயிற் பொருளைக் கணக்கின்றிச் செலவிடுவாரையும் வெளிப்படையாகக் கடிந்தார். அதனாற் பகைவர் பலரைத் தேடிக்கொண்டார். அவருட் பெரும்பாலார் திருநீறணிந்த சைவரே.