சுரங்கத்தின் மேல் ஒரு கல்வீதி

மட்டக்குளியிலிருந்து துறைமுகத்திற்குத் துவிச்சக்கரவண்டி மிதித்துச் சென்ற உழைப்பாளருக்கு அவ்வண்டி விளையாட்டுப் பொருளன்று, வயிற்றுப்பாட்டின் துணை. அவர்களை அறிந்த நாம், பிரான்ஸ் நாட்டின் பாரிஸ்–ரூபே ஓட்டப் போட்டியின் வரலாற்றையும் அக்கண்கொண்டே நோக்குதல் வேண்டும்.

1896இல் அப்போட்டியைத் தோற்றுவித்தோர் ரூபே நகரின் நூலாலை முதலாளிகள் இருவர். தாம் கட்டிய ஓட்டத்திடலுக்குக் கூட்டம் சேர்ப்பதே அவர்தம் நோக்கம். ஆயினும், போட்டிக்குப் புகழ் தேடித் தந்தவர்கள் யாவர்? 1897, 1898 ஆகிய ஈராண்டும் வென்ற மொரிஸ் கரேன், இளமையில் புகைபோக்கி துடைத்துப் பிழைத்தவர்.

முதல் உலகப்போர் சிதைத்த அவ்வழியை 1919இல் 'வடக்கின் நரகம்' என்றனர். பின்னர் தார்வீதிகள் பெருகின. கருங்கல் பாவிய பாதைகள் அருகின. அந்நிலையில், 1968இல் சேர்க்கப்பட்ட ஆரன்பேர்க் காட்டுப் பாதையை எடுத்துக்காட்டியவர் ஜான் ஸ்டாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தின் பிள்ளை. 1962இன் உலக வெற்றி வீரர். அப்பாதைக்கு அடியிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் இளவயதில் உழைத்தவரும் அவரே!

நான்கு முறை வென்ற ரோஜர் டி விளாமிங்கையும் டாம் பூனனையும் உலகம் போற்றுகிறது, போற்றட்டும். ஒருமுறையும் அங்கு வெல்லாத ஸ்டாப்லின்ஸ்கியையும் நாம் நினைப்போம். 1989இல் சுரங்கம் மூடப்பட்டது. கல்வீதி நிலைத்து நிற்கிறது. வெற்றியாளருக்கு அளிக்கும் பரிசும் ஒரு கருங்கல்லே. அக்கல்லில் உழைத்தோரின் வியர்வையும் உண்டென்பதை வரலாறு மறத்தலாகாது.