எல்லை அறியாத சாக்கடை

அண்டை ஊர்களின் ஆட்சி மன்றங்கள் பொதுப் பணிகளைச் சேர்ந்து செய்வதா, தனித்தனியே செய்வதா என்ற வினா எழும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது இலண்டன் மாநகரின் பாதாளச் சாக்கடையே. வகுப்பில் வரலாறு கற்பித்த நாளில், மன்னர்களின் போர்களைவிட இதனையே நான் விரும்பிச் சொல்வதுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இலண்டன் பார்வைக்கு ஒரே நகரம். ஆட்சியிலோ ஏறத்தாழ 300 அமைப்புகள். தெருவுக்குக் கல் பாவ ஒன்று, விளக்கேற்ற ஒன்று என அவை பிரிந்து கிடந்தன. 1840-களின் இறுதியில் அரசாங்கம் நியமித்த ஆணைக்குழு, வீட்டு மலக்குழிகளை மூடுவித்துக் கழிவைச் சாக்கடைகளில் விடச் செய்தது. சாக்கடைகள் தேம்ஸ் நதியில் விழுந்தன. அந்நதியின் நீரையே பலர் பருகினர். 1853-54இல் வந்த காலரா 10,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று.

1855இல் பார்லிமெண்ட் புதிய சட்டம் இயற்றிற்று. தெரு, விளக்கு, சிறு சாக்கடை ஆகியவை வட்டார மன்றங்களின் பொறுப்பிலேயே நின்றன. பெருஞ் சாக்கடைகளுக்கு, அம்மன்றங்கள் தேர்ந்தனுப்பிய உறுப்பினர்களைக் கொண்ட பெருநகரப் பணி வாரியம் அமைந்தது. தலைமைப் பொறியாளர் ஜோசப் பேசல்கெட் திட்டம் வகுத்தார். ஆனால் கழிவை எங்கே விடுவது, செலவை யார் ஏற்பது என்ற வழக்கிலேயே காலம் கழிந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் நாற்றம் பார்லிமெண்ட் மண்டபத்தினுள்ளேயே புகுந்தது. உடனே 30 லட்சம் பவுன் கடன் பெறும் உரிமை வாரியத்துக்குக் கிடைத்தது! மேட்டு வட்டாரமும் பள்ளத்து வட்டாரமும் வரியில் பங்கேற்றன. சுமார் 82 மைல் நீளப் பெருங்கால்வாய்கள் நிலத்தடியில் அமைந்து, கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டு சென்றன.

1865இல் திறப்பு விழா நடந்தது. எனினும் கிழக்குப் பகுதியின் வேலை முடியவில்லை. மறு ஆண்டு அங்கே குடிநீரில் கழிவு கலந்து, 5,000-க்கு மேற்பட்டோர் காலராவுக்கு இரையாயினர். அதன்பின் அந்நோய் இலண்டனில் பெருங்கொள்ளையாகப் பரவவேயில்லை.

இவ்வளவு நன்மை செய்த வாரியத்துக்கும் ஒரு குறை இருந்தது. அதன் உறுப்பினர்களை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. வட்டார மன்றங்களே அனுப்பின. இறுதியாண்டுகளில் ஊழல் புகார்கள் எழுந்து விசாரணை நடந்தது. 1889இல் மக்கள் தேர்ந்த இலண்டன் கவுண்டி கவுன்சில் அதன் இடத்தைப் பெற்றது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்கிறோம். வடம் பிடிப்போர் அனைவரும் தேர்க்கணக்கைக் கேட்கும் உரிமையும் பெற்றிருத்தல் வேண்டும். இலண்டன் முன்னதை 1855இல் கற்றது. பின்னதைக் கற்க மேலும் 34 ஆண்டுகள் ஆயின.