வீட்டு இணைய வேகம்: கணினி அமைப்புகளில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

உடும்பஞ்சோலை: ஏலக்காய் விலை பார்ப்பது முதல் பிள்ளைகளின் பாடம், உதவித்தொகை விண்ணப்பம், வங்கிப் பரிமாற்றம் வரை எல்லாமே இணையத்தைச் சார்ந்துவிட்ட நிலையில், மலைப்பகுதிக் குடும்பங்களுக்கு இணைய வேகம் அன்றாடப் பிரச்சினையாக உள்ளது. 'கணினியில் சில அமைப்புகளை மாற்றினால் வேகம் இரட்டிப்பாகும்' என்னும் காணொளிகளும் செயலிகளும் ஏராளமாக உலவுகின்றன. இவற்றில் எவை பயன் தரும், எவை வெறும் கட்டுக்கதை என்பதை விரிவாகக் காணலாம்.

இடுக்கியும் இணையமும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேனி மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்துள்ளது உடும்பஞ்சோலை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் இப்பகுதியிலுள்ள புற்றடியிலும், எல்லைக்கு அப்பால் போடிநாயக்கனூரிலும் நடைபெறுகிறது. கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பி வழியாக இணைக்கும் தேசியத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில் இணைக்கப்பட்ட மாவட்டம் என்ற பெயரை 2015 ஜனவரியில் இடுக்கி பெற்றது.

இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசின் கே-ஃபோன் கண்ணாடி இழைத் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. எனினும் ஊருக்குக் கம்பி வந்து சேர்வதும், வீட்டுக்குள் இருக்கும் கணினிக்கு முழு வேகம் வந்து சேர்வதும் வேறு வேறு.

முதலில் அளவிடுங்கள்

எந்த அமைப்பையும் மாற்றும் முன் தடை எங்கே உள்ளது என்று கண்டறிய வேண்டும். ரவுட்டரிலிருந்து ஈத்தர்நெட் கம்பி மூலம் கணினியை இணைத்து, மற்றக் கருவிகளின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேகச் சோதனை செய்ய வேண்டும். பின்னர் அதே சோதனையை வைஃபையில் செய்ய வேண்டும்.

கம்பியில் முழு வேகமும் வைஃபையில் குறைவான வேகமும் வந்தால், கோளாறு வீட்டுக்குள்தான் இருக்கிறது. கம்பியிலேயே வேகம் குறைந்தால் அது பெரும்பாலும் சேவை நிறுவனம் சரிசெய்ய வேண்டியது. காலை, மாலை, இரவு என மூன்று வேளைகளில் சோதித்துக் குறித்துவைப்பது நல்லது.

வேகக் கணக்கிலும் கவனம் தேவை. திட்டங்களில் குறிப்பிடப்படும் எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். பதிவிறக்கத்தின்போது பெரும்பாலும் திரையில் தெரிவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட் இறங்கினால் அதுவே முழு வேகம்.

பயன் தரும் மாற்றங்கள்

வைஃபை அலைவரிசை: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் தடித்த சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5 கிகாஹெர்ட்ஸையும், சுவர்களுக்கு அப்பால் 2.4 கிகாஹெர்ட்ஸையும் பயன்படுத்தலாம். அண்டை வீடுகளின் வைஃபை குறுக்கிட்டால், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றை ரவுட்டரில் தேர்ந்தெடுக்கலாம்.

பின்னணிப் பதிவிறக்கம்: விண்டோஸ் தனது புதுப்பிப்புகளைப் பின்னணியில் இறக்குவதுடன், அமைப்பைப் பொறுத்து அவற்றை இணையத்திலுள்ள பிற கணினிகளுக்கும் அனுப்பக்கூடும். செட்டிங்ஸ் பகுதியில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வரிசையில் சென்று இப்பகிர்வை நிறுத்தலாம். பதிவிறக்க வேகத்துக்கு வரம்பும் வைக்கலாம். அலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இயக்குவோர் அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' எனக் குறித்துவிட்டால் தரவு பெருமளவு மிச்சமாகும்.

டிஎன்எஸ்: இணையதளப் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை இது. இது தாமதித்தால் பக்கம் திறக்கத் தொடங்குவதே தாமதமாகும். அந்நிலையில் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 முகவரியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆனால் பதிவிறக்க வேகத்தை டிஎன்எஸ் உயர்த்தாது. சில நேரங்களில் சேவை நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ்தான் அருகிலுள்ள காணொளி சர்வரைக் காட்டும். மாற்றிய பின் ஒப்பிட்டுப் பார்த்து, பலனில்லையெனில் பழையபடி வைத்துவிடலாம்.

ப்ராக்ஸியும் விபிஎன்னும்: எப்போதோ நிறுவிய விபிஎன் செயலியோ, மறந்துபோன ப்ராக்ஸி அமைப்போ எல்லாத் தரவையும் சுற்றுவழியில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். தேவையில்லாவிட்டால் அணைத்துவிட வேண்டும்.

அலைபேசி: 5ஜி சிக்னல் மங்கலாக இருக்கும் மலைச்சரிவுகளில் கருவி 4ஜிக்கும் 5ஜிக்கும் இடையே மாறி மாறித் தாவும். அங்கு நெட்வொர்க் வகையை 4ஜி என்று நிலையாக வைத்தால், உச்ச வேகம் குறைந்தாலும் இணைப்பு சீராக இருக்கக்கூடும்.

தொடக் கூடாதவை

விண்டோஸ் 20 சதவீத வேகத்தைத் தனக்கென ஒதுக்கி வைத்துள்ளது, அதை விடுவிக்கலாம் என்னும் குறிப்பு விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே சுற்றி வருகிறது. அது தவறு. முன்னுரிமை கோரும் செயலி இயங்கும்போது மட்டுமே அந்த ஒதுக்கீடு செயல்படும். அச்செயலி பயன்படுத்தாத வேகம் பிற செயலிகளுக்குக் கிடைத்துவிடும்.

ரெஜிஸ்ட்ரியில் டிசிபி பெறுசாளரத்தின் அளவை மாற்றச் சொல்வது மற்றொன்று. இதற்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. ஒப்புதல் வருவதற்கு முன் அனுப்பக்கூடிய தரவின் அளவே இச்சாளரம். பழைய வரம்பான 65,535 பைட்டுடன், தரவு போய்த் திரும்ப 200 மில்லிநொடி ஆகும் தொலைதூர சர்வரிலிருந்து எத்தனை பெரிய இணைப்பிலும் சுமார் 2.6 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் பெற முடியாது. ஆனால் விண்டோஸ் விஸ்டா முதல் இந்த அளவை இயங்குதளமே தானாகச் சரிசெய்துகொள்கிறது. இன்று அதைக் கையால் மாற்றினால் வேகம் குறையும் வாய்ப்பே அதிகம்.

எம்டியு எனப்படும் பொதி அளவும் அப்படியே. ஈத்தர்நெட்டில் இது 1,500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு இணையும் பிபிபிஓஇ இணைப்புகளில் பொதுவாக 1,492 பைட். சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றுவிடும் கோளாறு இருந்தால் ரவுட்டரில் இதைச் சரிபார்க்கலாம். மற்றபடி தொடத் தேவையில்லை.

'ஒரே சொடுக்கில் வேகம்' என்று வாக்களிக்கும் செயலிகளை நிறுவுவதே மிகவும் ஆபத்தானது. சேவை நிறுவனம் தரும் வேகத்தை எந்தச் செயலியாலும் கூட்ட முடியாது. மாறாக, கணினியின் முழு அனுமதியையும் பெறும் செயலியால் வங்கி விவரங்கள் களவு போகலாம். 'வேகம் கூட்டித் தருகிறோம்' என்று அழைத்துத் தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கேட்போரையும் நம்பக் கூடாது. பணத்தை இழந்தோர் உடனடியாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மாற்றும் முறை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பது அடிப்படை விதி. மாற்றும் முன் பழைய மதிப்பைத் தாளில் எழுதிவைத்து, மாற்றிய பின் மீண்டும் அளவிட வேண்டும். குழப்பம் ஏற்பட்டால் விண்டோஸில் 'நெட்வொர்க் ரீசெட்' வசதி பிணைய அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். அதன் பின் வைஃபை கடவுச்சொல்லை மீண்டும் உள்ளிட வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கம்பி இணைப்பிலேயே வேகம் குறைந்தால், குறித்துவைத்த அளவீடுகளுடன் சேவை நிறுவனத்திடம் புகார் அளித்துப் பதிவு எண்ணைப் பெற வேண்டும். குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் பதிவிறக்க வேகம் இருந்தால்தான் அது பிராட்பேண்ட் என்று 2023 ஜனவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வரையறுத்துள்ளது. புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை நாடலாம். நாள், நேரத்துடன் எழுதிய அளவீடுகள் அப்போது வலுவான சான்றாக அமையும்.