பயன் கேட்ட கருவூலம்: பிரிட்டனில் சமூக ஆய்வை அளந்த வரலாறு

சமூகத்தையும் பொருளாதாரத்தையும் ஆராய்வதற்குச் செலவாகும் பணத்தால் நாட்டுக்கு என்ன பயன் என்ற கேள்வி, இன்றைய பிரிட்டனில் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கும் நிதியின் ஒரு பகுதியைத் தீர்மானிக்கும் கேள்வியாக இருக்கிறது. ஆனால், அத்தகைய ஆய்வு அங்கே வேரூன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரசு அதற்குக் காசு எதுவும் தரவில்லையாதலால், கணக்குக் கேட்கவும் அரசுக்குத் தோன்றவில்லை. கேட்டவர்கள் ஆய்வாளர்களே. தாங்கள் கண்டு சொன்னது சட்டமாயிற்றா, அந்தச் சட்டம் ஏழை வீட்டு அடுப்புவரை எட்டியதா என்று அறிய அவர்களே மறுபடியும் அதே தெருக்களுக்குச் சென்றார்கள். பிற்காலத்தில் கருவூலம் கேட்கத் தொடங்கியபோது, என்ன நடந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய், நடந்ததற்கு உரிமை கொண்டாடத் தக்கவர் யார் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

லிவர்பூலில் பிறந்து கப்பல் தொழிலில் செல்வரான சார்லஸ் பூத், 1886இல் லண்டன் மக்களின் வாழ்நிலையைத் தம் சொந்தச் செலவில் கணக்கெடுக்கத் தொடங்கினார். அத்தனை பெரிய நகரத்தில் வீடுவீடாக ஏறி இறங்குவது இயலாததாகையால், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி ஏழைகளின் தெருக்களில் அலைந்துகொண்டிருந்த பள்ளி வாரியப் பணியாளர்களை உட்காரவைத்து, அவர்களுடைய குறிப்பேட்டிலும் நினைவிலும் இருந்த குடும்பங்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்து பதிந்துகொண்டார். லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் இருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கின் முடிவு. தெருக்களுக்கு நிறம் தீட்டிய அவருடைய வரைபடங்களில் மிகக் கீழ்நிலைக்குக் கருப்பும் பெருஞ்செல்வத்துக்கு மஞ்சளும் இடப்பட்டன. வறுமைக்கு முதுமை ஒரு பெருங்காரணம் என்று கண்ட பூத், முதியோர் அனைவருக்கும் அரசே ஓய்வூதியம் தர வேண்டும் என்று 1891 முதல் வாதாடினார். 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறி, எழுபது வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைக்கலாயிற்று.

அந்த ஐந்து ஷில்லிங் பூத்தின் ஆய்வால் விளைந்ததா? ஜெர்மனி 1889லேயே முதியோர் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. நியூசிலாந்து 1898இல் ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியிருந்தது. உள்நாட்டில் தொழிற்சங்கங்கள் இதற்காகவே இயக்கம் நடத்தின. பூத் கேட்டதோ எல்லா முதியவருக்குமான ஓய்வூதியம். சட்டம் தந்ததோ வருமானம் பார்த்துத் தரும் ஓய்வூதியம். ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கையில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் இந்தக் காரணப் பங்கீட்டுச் சிக்கல், இத்துறையின் பிறப்போடு கூடவே பிறந்தது. பூத் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சட்டம் வந்ததே போதும் என்றிருந்திருக்கலாம்.

பூத்தின் நூலைப் படித்துத் தூண்டப்பட்டவர் யார்க் நகரத்தின் சாக்லேட் உற்பத்திக் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரவுன்ட்ரி. அவர் 1899இல் தம் ஊரின் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்து 1901இல் வெளியிட்ட நூல், வறுமைக்கோடு என்ற கருத்துக்கு உடலியல் சார்ந்த ஓர் அடிப்படையைத் தந்தது. உயிர்வாழவும் உழைக்கவும் உடலுக்கு எவ்வளவு உணவு தேவை என்பதை அன்றைய ஊட்டச்சத்து ஆய்வுகளிலிருந்து எடுத்து, அதை மிக மலிவாக வாங்கினால் என்ன விலையாகும் என்று பார்த்து, வாடகையையும் உடை, விளக்கு, எரிபொருள் முதலியவற்றின் செலவையும் அதனோடு கூட்டினார். தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கணக்கு முடிந்தது: உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், மற்றவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ். இந்தப் பட்டியலில் கசாப்புக்கடை இறைச்சி இல்லை. செய்தித்தாளுக்கும் புகையிலைக்கும், வெளியூரிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் போடும் தபால்தலைக்கும்கூட இடமில்லை. வறியவர்கள் ஊதாரித்தனத்தால் கெட்டார்கள் என்று வாதிட வருவோரின் வாயை அடைக்கவே கோட்டை இவ்வளவு தாழ்வாகப் போட்டார் என்று கொள்வது பொருந்தும். அப்படிப் போட்டும், அதற்குரிய வருமானமே இல்லாதவர்கள் நகர மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் இருந்தார்கள். வருமானம் இருந்தும் வேறு வகைகளில் செலவாகி வறுமையில் வீழ்ந்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 27.84 விழுக்காட்டை எட்டியது. இளம் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் இந்நூலைப் படித்துக் கலங்கினார் என்பது பதிவாகியுள்ள செய்தி.

ரவுன்ட்ரியின் தனிச்சிறப்பு, அவர் திரும்பி வந்ததில் இருக்கிறது. 1936இல் சற்றே தாராளமான அளவுகோலுடன் அதே நகரத்தை இரண்டாம் முறை ஆராய்ந்தபோது தொழிலாளர் வகுப்பில் 31.1 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். 1942இல் வெளியான பெவரிஜ் அறிக்கை சமூகக் காப்பீட்டுக்கு வகுத்த உதவித்தொகை அளவுகளுக்காக அவருடைய ஆலோசனை நாடப்பட்டது. போருக்குப் பின் அந்த அறிக்கையின் வழியில் சட்டங்கள் வந்தன. 1950இல், எண்பது வயதை நெருங்கிய நிலையில், ஜி. ஆர். லேவர்ஸ் என்பவருடன் சேர்ந்து மூன்றாம் முறை கணக்கெடுத்தார். வறுமை 2.77 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அதோடு நில்லாமல், 1936இல் இருந்த நலச் சட்டங்கள் மாறாமலே இருந்திருந்தால் 1950இல் வறுமை எவ்வளவாக இருந்திருக்கும் என்றும் கணக்கிட்டார்கள், விடை 22.18 விழுக்காடு. நடந்ததை, அது நடக்காதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிடும் இம்முறையை இன்று எதிர்நிலைக் கணக்கு என்கிறார்கள். தாக்கத்தை அளப்பதன் உயிர்நாடி அதுதான். சட்டத்துக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரே அச்சட்டத்தின் பலனையும் வீடுவீடாக அளந்தார் என்பது இவ்வரலாற்றில் அரிதான நிகழ்ச்சி.

அளந்தது சரியா என்பது வேறு கேள்வி. அழியாமல் எஞ்சியிருந்த 1950ஆம் ஆண்டு வினாத்தாள்களைப் பொருளாதார அறிஞர் அந்தோனி அட்கின்சனும் உடனாய்வாளர்களும் எடுத்து மறுபடி ஆராய்ந்தார்கள். பின்னர் டிமதி ஹட்டனும் ராய் பெய்லியும் 2000இல் வெளியிட்ட கட்டுரையில் அவற்றை மீண்டும் ஆராய்ந்தார்கள். 1950இல் யார்க்கில் இருந்த வறுமையை ரவுன்ட்ரியின் நூல் குறைத்துக் காட்டிவிட்டது என்பதும், அது குறைந்ததில் நலச் சட்டங்களின் பங்கு அவர் சொன்னதைவிடச் சிறியது என்பதும் இந்த மறு ஆய்வுகளில் தெரியவந்தன. அதற்குள் அரை நூற்றாண்டு கடந்திருந்தது. வறுமை ஒழிந்தது என்ற எண்ணம் பரவ 2.77 என்ற அந்த எண்ணும் ஒரு காரணம். தவறான அளவீட்டுக்கும் தாக்கம் உண்டு என்பதை இத்துறையினர் பேசுவது குறைவு.

அந்த எண்ணத்தை உடைத்தவர்கள் பிரையன் ஏபல்-ஸ்மித்தும் பீட்டர் டவுன்சென்டும். 1965 டிசம்பரில் வந்த அவர்களுடைய சிறுநூல் புதிதாக எந்தத் தெருவையும் கணக்கெடுக்கவில்லை. அரசு ஏற்கெனவே திரட்டி வைத்திருந்த குடும்பச் செலவுக் கணக்குகளையே வேறு கோணத்தில் கூட்டிப் பார்த்தது. பிரிட்டனில் லட்சக்கணக்கான குழந்தைகள் வறுமையில் வளர்கிறார்கள், அவர்களில் பலருடைய தந்தையர் முழுநேர வேலையில் இருப்பவர்கள் என்று அது காட்டியபோது விவாதத்தின் திசையே மாறியது. அமெரிக்க அறிஞர் கரோல் வைஸ் 1970களின் பிற்பகுதியில் இவ்வகை விளைவுக்குத் தெளிவூட்டல் என்று பெயரிட்டார். அதிகாரிகள் ஓர் ஆய்வை எடுத்து அப்படியே நடைமுறைப்படுத்துவது அரிது. ஆய்வுகளின் கருத்துகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமலே அவர்களுடைய பேச்சிலும் எண்ணத்திலும் ஊறி, எதைச் சிக்கலாகக் காண்பது என்பதையே மாற்றிவிடுகின்றன என்பது அவருடைய முடிவின் சாரம். நிலத்தடி நீர்போலப் பரவும் இந்த விளைவுக்கு ரசீது கிடையாது.

ரசீது கேட்கும் காலமோ அப்போதே தொடங்கிவிட்டது. ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்த விலங்கியலாளர் ரோத்ஸ்சைல்ட் பிரபு 1971இல் அரசுக்கு அளித்த அறிக்கையில், பயன்பாட்டு ஆய்வுக்கு வாடிக்கையாளர்–ஒப்பந்ததாரர் விதி ஒன்றை வகுத்தார்: இன்னது வேண்டும் என்று வாடிக்கையாளரான அரசுத் துறை சொல்ல வேண்டும், ஒப்பந்ததாரரான ஆய்வாளர் முடிந்தால் அதைச் செய்துதர வேண்டும், வாடிக்கையாளர் பணம் தர வேண்டும். இயற்கை அறிவியலை மனத்தில் வைத்து எழுந்த இவ்விதியின் நிழல், 1965இல் மைக்கேல் யங்கை முதல் தலைவராகக் கொண்டு அமைந்த சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் மீதும் விழுந்தது.

சமூக சேவைகள் துறை அமைச்சராயிருந்த கீத் ஜோசப், ஏழைப் பெற்றோரின் குறைபாடுகள் பிள்ளைகளுக்கும் தொற்றி வறுமை தலைமுறை தலைமுறையாகச் சுழல்கிறது என்ற கருத்தை 1972 ஜூனில் ஓர் உரையில் முன்வைத்து, அதை ஆராயுமாறு அக்கழகத்தை நாடினார். அவருடைய துறையும் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வுத்திட்டம் ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்தது. அதன் தொடக்கத்திலேயே மைக்கேல் ரட்டரும் நிக்கோலா மேட்ஜும் 1976இல் வெளியிட்ட நூல், இன்னலான குடும்பத்தில் பிறந்த குழந்தைகளில் குறைந்தது பாதிப்பேர் அடுத்த தலைமுறையில் அதே நிலையில் இருப்பதில்லை என்றும், இன்னலற்ற குடும்பங்களில் பிறந்தவர்களும் இன்னலில் விழுகிறார்கள் என்றும் காட்டியது. யார்க் வினாத்தாள்களில் பெயர் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அட்கின்சன் குழுவினர் நடத்திய ஆய்வும் இத்திட்டத்தில் அடங்கியதே. அதுவோ தந்தையின் ஊதியத்துக்கும் மகனின் ஊதியத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இருப்பதைக் கண்டது. ஆக, வாடிக்கையாளர் கேட்ட பொருள் அவர் கேட்ட வடிவில் வந்து சேரவில்லை. ஆய்வு என்பதன் இயல்பே அது.

1981இல் கல்வி, அறிவியல் துறை அமைச்சரானபின் அதே ஜோசப், சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் தேவைதானா என்று பார்த்துச் சொல்லும்படி அதே ரோத்ஸ்சைல்டை அவ்வாண்டு டிசம்பரில் கேட்டுக்கொண்டார். கழகத்தின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1982 மே மாதம் வெளிவந்த அறிக்கை, கழகத்தைக் கலைப்பது தகாது என்றது. தாமே வகுத்த வாடிக்கையாளர் விதி இங்கே பொருந்திவராது என்பதையும் ரோத்ஸ்சைல்ட் ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர் என்று சுட்டத்தக்க ஒரு துறை இல்லாத ஆய்வே சமூகத்துக்குப் பெரிதும் தேவைப்படலாம் என்ற அந்த வாதம், கழகத்துக்கு அன்று கிடைத்த ஆகச் சிறந்த அரண். ஜோசப்புக்குப் பெயரிலிருந்த அறிவியல் என்ற சொல் பிடிக்கவில்லை. 1984இல் அது பொருளாதார, சமூக ஆய்வுக் கழகம் ஆயிற்று. உயிர் தப்பிய கழகம், தன் பயனை ஓயாமல் மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய அமைப்பாக அதன்பின் மாறிப்போனது.

அளக்கும் கருவிகள் இதற்கிடையில் வேளாண் பொருளியலில் உருவாகிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் ஒட்டுரக மக்காச்சோள ஆராய்ச்சிக்கு இட்ட ஒவ்வொரு டாலரும் ஆண்டுக்குக் குறைந்தது 700 விழுக்காடு வருவாய் தருவதாக ஸ்வி கிரிலிக்கஸ் 1958இல் கணக்கிட்டார். விதைக்கு விளைச்சல் உண்டு, விளைச்சலுக்குச் சந்தை விலை உண்டு. கொள்கை ஆய்வுக்கு அவ்விரண்டும் இல்லை. ஆகவே, ஆய்வு இல்லாவிட்டாலும் அரசு என்றோ ஒருநாள் அந்த முடிவுக்கு வந்திருக்கும், ஆய்வு அதைச் சில ஆண்டுகள் முன்னதாக வரவழைத்தது என்று கொண்டு, அந்த இடைக்கால நன்மையை மட்டும் ஆய்வின் கணக்கில் வைக்கும் வழி பின்னாளில் கையாளப்பட்டது. அடக்கமான இந்தக் கணக்கு நேர்மையானதும்கூட.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை 1986 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பிட்டு நிதி பகிர்ந்துவந்த ஏற்பாடு, 2014இல் ஆய்வுச் சிறப்பு மதிப்பீட்டுச் சட்டகம் என்ற புதிய வடிவெடுத்தபோது, மதிப்பெண்ணில் 20 விழுக்காடு கல்வியுலகத்துக்கு வெளியே ஏற்பட்ட தாக்கத்துக்கென ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு துறையும் தன் ஆய்வால் நிகழ்ந்த மாற்றத்தை நான்கு பக்கக் கதையாக எழுதி, அதற்குச் சான்றும் காட்ட வேண்டும்; அது எவ்வளவு தூரம் பரவியது, எவ்வளவு முக்கியமானது என்று நடுவர் குழு பார்க்கும். எண்களாலான குறியீடுகளை நம்பாமல் மனிதர் படித்துத் தீர்ப்பளிக்கும்படி வைத்தது இந்த ஏற்பாட்டின் நல்ல அம்சம். 6,975 கதைகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் ஆராய்ந்தபோது, ஆய்விலிருந்து விளைவுக்குச் சென்ற வழிகள் 3,709 வகையாக இருந்தன. இன்ன வழியாகத்தான் பயன் விளையும் என்று சூத்திரம் தேடியவர்களுக்கு அதுவே பதில். கதைகளை எழுதித் தரப் பல்கலைக்கழகங்களுக்கு ஆன செலவு ஏறத்தாழ 5.5 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்டது.

ஆனால் விதிகளைக் கூர்ந்து பார்த்தால் அவற்றுக்கு எத்தகைய தாக்கம் பிடிக்கும் என்பது தெரிகிறது. ஆய்வு 1993 தொடக்கத்துக்குப் பின் நடந்திருக்க வேண்டும். விளைவு 2008 ஜனவரிக்கும் 2013 ஜூலைக்கும் இடையில் தெரிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ இருபதாண்டுச் சாளரம். இதைப் பழைய காலத்துக்குப் பொருத்தினால், 1889இல் முதல் தொகுதியை வெளியிட்ட பூத் 1908ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மயிரிழையில் தகுதி பெறுவார், அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத கப்பல் முதலாளி என்பதை மன்னித்தால். 1901இல் வரைந்த கோட்டுக்காக ரவுன்ட்ரிக்கு 1942இன் பெவரிஜ் அறிக்கையில் பங்கு கிடையாது. இன்னாருடைய ஆய்வு எங்களுக்கு உதவியது என்று அமைச்சக அதிகாரி ஒருவர் எழுதித் தரும் கடிதம் மதிப்புமிக்க சான்றாகிவிட்ட சூழலில், அமைச்சகத்துக்குப் பிடிக்காத முடிவைச் சொன்னவர் அக்கடிதத்துக்கு யாரிடம் போவார் என்ற கேள்விக்கும் விதிகளில் விடையில்லை.

2021 சுற்றில் தாக்கத்தின் எடை 25 விழுக்காடாக உயர்ந்தது. நிதி கோரும் விண்ணப்பத்திலேயே எதிர்காலத் தாக்கத்துக்கான வழியைத் தனித்தாளில் எழுதித் தர வேண்டும் என்று ஆய்வுக் கழகங்கள் சுமார் பத்தாண்டாக வைத்திருந்த நிபந்தனை, அதற்குச் சற்று முன்னர் 2020இல் கைவிடப்பட்டது.